நான்கு முறை, முப்பது நாள்

1950-களில் அமெரிக்காவில் புதுக் கார் வாங்கியவருக்குக் கிடைத்த வாரண்டி 90 நாள் அல்லது 4,000 மைல், எது முதலில் முடிகிறதோ அதுவரை. கார் உற்பத்தியாளர்கள் சங்கம் வகுத்துக்கொடுத்த வாசகம் அது; ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் உட்பட அநேகமாக எல்லாக் கம்பெனிகளும் அதையே அச்சிட்டன. பழுதான பாகத்தை வாங்கியவர் தம் செலவில் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அது பழுதுதான் என்று தொழிற்சாலைக்குத் திருப்தி ஏற்பட்டால் மாற்றிக்கொடுப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரே தீர்ப்பும் எழுதும் ஏற்பாடு. வேறெந்தப் பொறுப்பும் எங்களுக்குக் கிடையாது என்றும் அதே தாளில் இருந்தது. விற்கும் பொருள் பயன்பாட்டுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று வணிகச் சட்டம் விற்பவர்மேல் சுமத்தியிருந்த கடமையைத் தட்டிக்கழிக்கவே அந்த வாசகம். ஆக, வாரண்டி என்பது தொடக்கத்தில் கம்பெனி தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலி. அது வாங்கியவருக்கும் காவலாக மாறியது கம்பெனிகளின் தாராளத்தால் அல்ல. வாக்கு எப்போது பொய்த்தது என்று சொல்ல ஓர் அளவைச் சட்டம் வெளியிலிருந்து கொண்டுவந்ததால்தான்.

நீதிமன்றங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1955-ல் வாங்கிய ஒரு பிளைமவுத் கார் 468 மைல் ஓடிய நிலையில் ஸ்டியரிங் கைவிட்டுச் சுவரில் மோதியது. 1960-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், ஹென்னிங்சன் வழக்கில், பொடி எழுத்தில் அச்சிட்ட அந்தப் பொறுப்புத் துறப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. எல்லாக் கம்பெனியும் ஒரே நிபந்தனையை நீட்டும்போது வாங்குபவருக்குப் பேரம் பேச இடமேது என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் அங்கே ஒருவர் காயம்பட்டிருந்தார். உயிருக்கு ஆபத்தில்லாமல் எஞ்சின் மட்டும் திரும்பத் திரும்பப் படுத்துக்கொண்டால் விஷயம் வேறு. 1965-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், வெறும் பண நஷ்டத்துக்கு வாரண்டி வாசகத்தைத்தான் நம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டது. வாசகத்தை எழுதியது யார் என்பதுதான் நமக்குத் தெரியுமே.

சந்தைப் போட்டியே இதைச் சரிசெய்திருக்கும் என்பார்கள். 1963 மாடல்களுக்கு எஞ்சின், கியர்பாக்ஸ் பகுதிகளுக்கு ஐந்து ஆண்டு அல்லது 50,000 மைல் என்று கிரைஸ்லர் அறிவித்தது உண்மைதான்; மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். செலவு கையைக் கடித்ததும், பத்தாண்டு ஆவதற்குள் எல்லோரும் பின்வாங்கினார்கள். 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம், முழு வாரண்டி, வரம்புள்ள வாரண்டி என்று பிரித்தது. முழு வாரண்டி தருபவர் பழுதைச் சரிசெய்ய முடியாவிட்டால் பணத்தையோ மாற்றுப் பொருளையோ தர வேண்டும். ஆனால் முழு வாரண்டி தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கார் கம்பெனிகள் வரம்புள்ளதையே எடுத்துக்கொண்டன.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபில் டீசல் எஞ்சின் காட்டியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மைலேஜைக் கூட்டச் சொல்லி அரசு நெருக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 5.7 லிட்டர் பெட்ரோல் வி-8 எஞ்சினை அடிப்படையாக வைத்து டீசல் எஞ்சின் ஒன்றை உருவாக்கி, 1978 மாடலில் இறக்கியது. பிளாக்கை வலுப்படுத்தினார்கள், ஆனால் சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள் பெட்ரோல் எஞ்சினில் இருந்த அதே பத்துதான். கம்ப்ரஷன் விகிதமோ 22.5-க்கு 1, பெட்ரோல் எஞ்சினைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அழுத்தம் தாங்காமல் போல்ட் நீளும், ஹெட் கேஸ்கெட் போகும், கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளையும், எஞ்சினே போகும். டீலரிடம் டீசல் தெரிந்த மெக்கானிக் குறைவு; கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, நீண்டுபோன பழைய போல்ட்டையே திரும்ப முடுக்கியவர்கள் உண்டு. வாரண்டிப்படி எல்லாம் சரி: பாகம் மாற்றியாகிவிட்டது, பில் கிடையாது. வண்டி மறுபடி அதே கோளாறோடு வரும். ஒருநாள் வாரண்டி முடியும். அதற்கடுத்த கேஸ்கெட் வாங்கியவர் தலையில் விழும். டிசைனில் இருந்த பிழைக்குப் பாகத்தை மாற்றும் வாக்குறுதியில் மருந்தே இல்லை.

எரிபொருள் மோசம், பராமரிப்பு சரியில்லை என்பது கம்பெனிகள் எப்போதும் சொல்லும் பதில். இந்த எஞ்சின் விஷயத்தில் அதில் பாதி உண்மை உண்டு. அன்றைய டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. அது இன்ஜெக்ஷன் பம்ப்பை அரித்தது. ஆனால் அந்தத் தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வாட்டர் செபரேட்டரைத் தொடக்கத்தில் வைக்காமல் விட்டது வண்டி ஓட்டியவர் அல்ல. சந்தையில் கிடைக்கும் எண்ணெய்க்குத் தாங்காத எஞ்சினை அந்தச் சந்தையிலேயே விற்றவர், எண்ணெயைக் குறைசொல்லித் தப்ப முடியாது. 1983-ல் ஃபெடரல் டிரேட் கமிஷனுடன் ஏற்பட்ட சமரசத்தில், இந்த டீசல் பம்ப் உட்படச் சில பாகங்கள் குறித்த புகார்களை நடுவர் விசாரணைக்கு விட ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்டது. 1985-ல் எஞ்சினையே நிறுத்திவிட்டது. சந்தை தண்டித்துவிட்டதே என்று திருப்திப்படுவதற்கில்லை. அந்தத் தண்டனையால் வாங்கியவருக்கு ஒரு டாலரும் திரும்பி வரவில்லை.

வாக்கு பொய்த்ததை அளக்கும் எண் இதே ஆண்டுகளில்தான் வந்தது. இந்த எஞ்சின் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். அன்று குமுறிய புகார்களில் இதற்கும் பங்குண்டு. ஓயாமல் கெட்டுப்போகும் வண்டியை அமெரிக்கர்கள் லெமன் என்பார்கள். 1982-ல் கனெக்டிகட் மாநிலம், சட்டமன்ற உறுப்பினர் ஜான் உட்காக் முன்னின்று கொண்டுவந்த லெமன் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரே கோளாறுக்கு நான்கு முறை சரிபார்த்தும் தீரவில்லையா, அல்லது வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததா? போதிய வாய்ப்பு கொடுத்தாகிவிட்டது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். வண்டியை மாற்று அல்லது பணத்தைத் திருப்பிக்கொடு. எந்த போல்ட் நீண்டது, ஏன் நீண்டது என்று வாங்கியவர் நிரூபிக்க வேண்டாம். ஜாப் கார்டுகளை எண்ணிக்காட்டினால் போதும். பொய்ப் புகார் பெருகாதா என்றால், வண்டியை முறைகேடாகப் பயன்படுத்தினார், மாற்றியமைத்தார் என்று காட்டித் தப்பிக்கும் வழி கம்பெனிக்கு உண்டு. நிரூபிக்கும் சுமை மட்டும் இடம் மாறியது, அதைச் சுமக்க வல்லவரிடம். கார் விலை ஏறும் என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். அதே செலவை, அதிர்ஷ்டமில்லாத சிலர் மட்டும் முழுதாகச் சுமப்பதைவிட எல்லோரும் சிறிது சிறிதாகப் பகிர்வது மேல். இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் இருக்கிறது.

இந்தியாவில் அந்த எண் இன்னும் இல்லை. 1986-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பணத்தைத் திருப்பித்தர உத்தரவிடும் அதிகாரத்தை மன்றங்களுக்குத் தந்தது. ஆனால் 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றுவதோடு நிற்பதால் முழு வண்டியையும் மாற்றச் சொன்னது சரியல்ல என்றது. 2019-ன் சட்டம் உற்பத்தியாளரின் பொறுப்பைத் தனி அத்தியாயமாக எழுதியிருக்கிறது. எத்தனை முறை, எத்தனை நாள் என்று மட்டும் எழுதவில்லை. அதை நாடாளுமன்றம் எழுத வேண்டும். அதுவரை வண்டி வாங்கியவர்கள் ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு முறை சர்வீஸ் சென்டருக்குப் போகும்போதும் அதே புகாரை அதே சொற்களில் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, வண்டி விட்ட தேதியும் எடுத்த தேதியும் உள்ள நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.