தஞ்சாவூரும் 27 பைட்டுகளும்

1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் 256 இடங்களுக்குள் தனக்கென ஒரு வரிசை வைத்திருந்தது. தஞ்சாவூர் அச்சகத்தில் தட்டிய திருமண அழைப்பிதழ், அந்த எழுத்துரு இல்லாத கும்பகோணத்துக் கணினியில் வெறும் குறிகளாகவே தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. இணையத்தில் டிஸ்கி என்ற குறியாக்கமும் புழங்கியது. 2010இல் அரசு யூனிகோடை ஏற்றது.

ஆனாலும் கட்டளை முனையத்தில் சிக்கல் நீடித்தது. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ‘த’ என்பது 224, 174, 164 என்ற மூன்று பைட்டுகள். ‘தஞ்சாவூர்’ என்ற சொல்லில், புள்ளிகளையும் துணையெழுத்துகளையும் தனித்தனியே எண்ணினால், தலா மூன்று பைட்டுகள் கொண்ட ஒன்பது குறிகள். ஆகவே 27 பைட்டுகள். மேலை ஐரோப்பியக் குறியாக்கத்தில் இயங்கும் முனையம் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படிப்பதால், ஊர்ப்பெயர் 27 அந்நியக் குறிகளாகச் சிதறுகிறது.

தீர்வு, எழுதுமிடமும் படிக்குமிடமும் ஒரே குறியாக்கத்தில் இருப்பதே. விண்டோஸில் குறிமுறைப் பக்கத்தை 65001 என மாற்ற வேண்டும். லினக்ஸில் மொழி அமைப்பை யூடிஎஃப்-8 ஆக்க வேண்டும். கட்டங்களுக்குப் பதில் எழுத்துத் தெரிய, தமிழ் எழுத்துருவும் தேவை. ஒற்றைக்கொம்பும் இணைக்கொம்பும் மெய்க்கு முன்னே வந்து நிற்க, முனையம் எழுத்துகளைக் கோக்கவும் அறிந்திருக்க வேண்டும். பழைய கோப்புகளுக்கு இது போதாது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.