வீட்டு வாசலிலேயே மீன் பிடிச்ச ஊர்... குரிசா கடல் ஏன் சூடாகுது?

நம்ம வீட்டு எவர்சில்வர் தட்டு, எலெக்ட்ரிக் வாகன பேட்டரிகள்... இவற்றுக்கெல்லாம் தேவை நிக்கல். உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவில் இருந்துதான் வருது.

அங்கே சுலாவெசி தீவின் மொரோவாலி மாவட்டத்தில் இருக்கு குரிசா. கடலுக்குள் கால் நட்டு, அதன்மேல் வீடு கட்டி வாழும் பாஜோ மீனவர்களின் ஊர்.

2013-ல் சீனாவின் சிங்ஷான் நிறுவனம், உள்ளூர் நிறுவனத்தோடு சேர்ந்து இதன் பக்கத்திலேயே தொழிற்பேட்டை அமைக்க ஒப்பந்தம் போட்டது. 2020-ல் நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்ய அரசு தடை போட, உருக்காலைகள் மளமளவெனப் பெருகின.

சரி, கடல் ஏன் சூடாகுது?

உலைக்கு கரண்ட் வேணுமே! அதுக்காக அங்கேயே நிலக்கரி அனல்மின் நிலையங்கள். இயந்திரங்களைக் குளிர்விக்க எடுக்கும் கடல்நீர், சூடாகவே திரும்பக் கடலில் கலக்குது. கூண்டில் வளர்த்த மீன்கள் செத்துப்போச்சு, பிடிக்க ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கு என்கிறார்கள் மீனவர்கள். போதாததற்கு நிலக்கரித் தூசி வேற.

வேலை கிடைக்கலையான்னு கேட்டா, கிடைக்குது. வெளியூர் தொழிலாளர்கள் குவிந்ததால் வாடகை அறை, கடைன்னு வருமானமும் உண்டு. ஆனா, ஆலை வேலையும் லேசானதில்லை. 2023 டிசம்பர் 24-ல் இதே தொழிற்பேட்டையில் உலையைப் பழுதுபார்த்தபோது நடந்த வெடிவிபத்தில் 21 பேர் பலியானார்கள்.