பூச்சி மாறிவிட்டது, சுவர் மாறவில்லை

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், இரத்தசோகை. சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் சாவு. இதுதான் காலா அசார். இந்தியாவில் இந்த நோயை அதிகம் சுமந்த மாநிலம் பீகார். பீகாருக்குள் யார் சுமந்தார்கள் என்று பார்த்தால், ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் பெயர் முசஹர். நிலமற்ற தலித் கூலித் தொழிலாளர்கள். ஊரை ஒட்டி, ஆனால் ஊரில் சேராமல், டோலா எனப்படும் குடியிருப்புகளில் மண்சுவர்க் குடிசைகளில் வாழ்பவர்கள். நமக்குச் சேரி எதுவோ, அவர்களுக்கு டோலா அது.

இந்த நோய்க்கிருமியை 1903இல் தனித்தனியே கண்டறிந்தவர்கள் இருவர். ஒருவர் லீஷ்மன், மற்றவர் சென்னையில் மருத்துவராக இருந்த டோனவன். அதைப் பரப்புவது மணல் ஈதான் என்பதை 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் நிறுவினார்கள். கொசுவைவிடச் சிறிய பூச்சி அது. பகலில் மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுத்தொழுவத்திலும் ஒளிந்திருக்கும். சாணமும் குப்பையும் மக்கிய ஈரமண்ணில் பெருகும். இரவில் கடிக்கும். ஆக, நோயின் இருப்பிடம் அப்போதே தெரிந்துவிட்டது.

1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீடுவீடாக உட்சுவர்களில் டிடிடி அடித்தார்கள். குறி கொசுதான், ஆனால் அதே சுவரில் இருந்த மணல் ஈயும் செத்தது. காலா அசார் ஏறக்குறைய மறைந்தே போனது. யாரும் அதற்காகத் திட்டமிடவில்லை என்பதால், மலேரியா குறைந்து மருந்தடிப்பு நின்றபோது மணல் ஈ என்ன ஆகும் என்று யோசிக்கவும் ஆளில்லை. 1970களில் வட பீகாரில் நோய் பெருவெடிப்பாகத் திரும்பியது. 1992இல் மட்டும் நாட்டில் 77,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகவும் 1,400க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் அரசுக் கணக்கே சொல்கிறது.

மறுபடி டிடிடி வந்தது. இம்முறை பூச்சி முன்புபோல் சாகவில்லை.

ஏன்? டிடிடி பூச்சியின் நரம்பணுவிலுள்ள சோடியம் வாயிலைத் திறந்தபடியே நிறுத்திவிடும். பூச்சி துடித்துச் சாகும். கோடிக்கணக்கான பூச்சிகளில் சிலவற்றுக்கு அந்த வாயிலின் அமைப்பில் சிறு மரபணு மாற்றம் இருக்கும். அவற்றில் மருந்து சரியாக ஒட்டாது. மற்றவை சாக, இவை பிழைத்துப் பெருகும். மருந்து அளவு குறைந்தால் அரைகுறை எதிர்ப்பு உள்ளவையும் தப்பிவிடும். பழுதான பம்பும் அவசர வேலையும் எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும் பண்ணைகள்.

பீகாரில் நடந்தது என்ன? 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மருந்தடித்த வீடுகளின் சுவர்களில் டிடிடி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தது. சதுர மீட்டருக்கு 1 கிராம் இருக்க வேண்டும். நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் அது இல்லை. மணல் ஈக்களிடம் டிடிடி எதிர்ப்பும் பரவலாக இருந்தது. பதிவேட்டிலோ அவை ‘மருந்தடித்த வீடுகள்’.

இந்த இடைவெளியில்தான் பழி டோலாவின்மேல் விழுகிறது. ‘மக்கள் ஒத்துழைப்பதில்லை, சுகாதாரம் தெரியாதவர்கள்’ என்ற பேச்சு நமக்கும் புதிதல்ல. மருந்தடிக்க வேண்டுமென்றால் வீட்டிலுள்ள தானியம், பாத்திரம், துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். அன்றைய கூலி போகும். இத்தனைக்கும் பிறகு பூச்சி சாகவில்லை என்றால், அடுத்த சுற்றில் ஒரு பெண் கதவைச் சாத்துவது அறியாமையா, அனுபவமா?

2015க்குப் பிறகு டிடிடியை விட்டு, செயற்கை பைரெத்ராய்டு வகையான ஆல்ஃபாசைபர்மெத்ரினுக்கு மாறினார்கள். பம்புகளும் மாறின. நோய் பெரிதும் குறைந்து, 2023இல் பதிவானவர்கள் ஆயிரத்துக்கும் கீழே. சிகிச்சை எளிதானதும் கிராமப் பணியாளர்களின் உழைப்பும் இதில் சேரும். இது உண்மையான வெற்றி, குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதிய மருந்தும் தாக்குவது அதே சோடியம் வாயிலைத்தான். டிடிடிக்குத் தப்பிய பூச்சி பாதித் தேர்வை ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டது.

சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. பூசிய செங்கல் சுவரில் வெடிப்பு குறைவு, ஈரம் குறைவு, பூச்சிக்கு இடமும் குறைவு. ஆனால் வீடு கட்ட மனை வேண்டும். பந்தோபாத்யாய் தலைமையிலான பீகார் நிலச் சீர்திருத்த ஆணையம், வீட்டுமனை இல்லாத கிராமப்புறத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 10 சென்ட் நிலம் தர 2008இல் பரிந்துரைத்தது. அரசு அதை நிறைவேற்றவில்லை. பூச்சிமருந்துக்குப் பணம் ஒதுக்குவது எளிது, நிலத்தைத் தொட்டால் சாதி எழுந்து நிற்கும்.

தோழர்களே, உங்கள் பகுதியில் எந்த நோய்க்கு மருந்தடிக்க வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சுவரில் மருந்து எவ்வளவு படிந்தது என்று யார் அளந்தார்கள்? இந்த ஊர்ப் பூச்சி இந்த மருந்துக்குச் சாகிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தார்கள்? இந்த மனைக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? மூன்றாவது கேள்வி சுகாதாரத் துறைக்குரியது அல்ல என்பார்கள். விடாமல் கேளுங்கள்.