கண் திறந்தால் போதுமா?

நம்மூரில் கண்ணில் கோளாறு என்றால் கோமதியம்மனுக்குக் கண்மலர் நேர்ந்துகொண்டுவிட்டு டாக்டரிடம் போவோம். அந்த டாக்டர்களில் பெரியவர் நம் பக்கத்துக்காரர்தான். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த ஜி. வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தியைப் பிடித்துக் கண் ஆபரேஷன் செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-இல் அது திருநெல்வேலிக்கும் வந்தது.

நம் வயதுக்காரர்கள் பலர் புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கட்டு அவிழ்த்ததும் பேரன் முகமும் காலண்டர் தேதியும் தெரிந்தன. பார்ப்பது எப்படி என்று யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் பிறவியிலேயே புரை மூடிய பிள்ளைக்கு, பத்துப் பன்னிரண்டு வயதில் அதே ஆபரேஷன் செய்தால் என்ன தெரியும்?

இது பழைய கேள்வி. அயர்லாந்துக்காரர் வில்லியம் மாலினோ 1688-இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டார்: பிறவிக் குருடர் ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தடவிப் பார்த்து அறிந்திருக்கிறார், திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது எது என்று சொல்வாரா? மாலினோவின் மனைவியும் பார்வை இழந்தவர். ஆகவே அவருக்கு இது வெறும் தர்க்கம் அல்ல. முடியாது என்றே இருவரும் நினைத்தார்கள்.

1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் செசல்டன், தாம் ஆபரேஷன் செய்த பதின்மூன்று வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். எல்லாப் பொருளும் தன் கண்ணை வந்து தொடுவதாக அவன் நினைத்தானாம். பூனை எது, நாய் எது என்று தெரியாமல், பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்தபின்தான் அதன் முகத்தை மனத்தில் பதித்துக்கொண்டானாம்.

1960-களில் ஹூபெல், வீசல் என்ற இருவர் அமெரிக்காவில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்துச் சோதித்தார்கள். இளம்பருவத்தில் மூடியிருந்தால், பிறகு திறந்தாலும் மூளை அந்தக் கண்ணை ஏற்றுக்கொள்வதில்லை என்று கண்டார்கள். 1981-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இது அருமையான கண்டுபிடிப்பு. ஆனால், வயது கடந்த பிள்ளைக்கு ஆபரேஷன் செய்து பயனில்லை என்ற எண்ணம் வலுக்க இதுவும் ஒரு காரணமாயிற்று.

அந்த எண்ணத்தைச் சோதித்தவர் நம் நாட்டுக்காரர், எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா. அவர் தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தில் பார்வையற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு டெல்லியில் இலவச ஆபரேஷன் செய்து, அவர்கள் பார்க்கக் கற்பதையும் கவனித்தார்கள். எட்டு முதல் பதினேழு வயது வரையிலான ஐந்து பேரிடம் மாலினோவின் கேள்வியையே சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். கையால் தடவிய கட்டையைக் கண்ணால் அடையாளம் காண அவர்களால் முடியவில்லை. காசு சுண்டிச் சொல்வதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். மாலினோ நினைத்தது சரி. ஆனால் சில நாட்களிலேயே, யாரும் பயிற்சி கொடுக்காமல், அதையும் கற்றுக்கொண்டார்கள்!

இன்னொன்றும் கண்டார்கள். புதிதாகப் பார்வை பெற்றவர்களுக்கு ஒரு காட்சி துண்டு துண்டாகவே தெரிகிறது. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் வட்டமும் சதுரமும் பல பொருள்களாகப்படுகின்றன. அதே உருவம் அசைந்தால், சேர்ந்து அசைவதெல்லாம் ஒன்று என்று மூளை பிடித்துக்கொள்கிறது. அந்த அசைவே அவர்களுக்கு அரிச்சுவடி.

இவர்களுக்கு நம்மைப்போல் கூர்மையான பார்வை கிடைத்துவிடுவதில்லை. சீக்கிரம் செய்வதே நல்லது. கைக்குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், மறுநாள் என்று தள்ளாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆனால் தெருவில் வளர்ந்துவிட்ட பிள்ளை ஒன்று அப்படி இருந்தால், 'இனிமேல் என்னத்துக்கு?' என்று மட்டும் பெரியவர்களாகிய நாம் சொல்லிவிட வேண்டாம். நம் வாய்ச்சொல்லைக் கேட்டு அந்த வீட்டார் பேசாமல் இருந்துவிடுவார்கள். கிடைக்கிற பார்வை அரைகுறையானாலும், அது அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை.