ஆராய்ச்சிக்கூடத்தில் மாணவர்

நம்மவர் வீடுகள் பலவற்றில், குளிர்பதனப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு மருந்துப் புட்டி இருக்கக் காண்கிறோம். நீரிழிவு நோய் கண்ட முதியோரும் சிறுவரும் ஊசி வழியாகச் செலுத்திக்கொள்ளும் இன்சுலின் அது. லத்தீன் மொழியில் தீவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அதன் பெயர். தீவுக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்று ஆராயப் புகுந்தால், இரண்டு மாணவர்களுடைய வரலாறு நம் முன் விரிகிறது. கல்லூரி மாணவர் பாடம் படிக்கவேண்டியவர், ஆராய்ச்சியோ பேரறிஞர்களின் பணி என்று எண்ணியிருப்போர் அவ்வரலாற்றை ஒருமுறை கேட்பது நலம்.

முதல் மாணவர் ஜெர்மனி நாட்டவரான பால் லாங்கர்ஹான்ஸ். 1847-இல் பிறந்த அவர், பெர்லின் நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தபோதே 1868-இல் மனிதத் தோலிலுள்ள ஒருவகை உயிரணுக்களைக் கண்டு விவரித்தார். அடுத்த ஆண்டு, பட்டம் பெறுவதற்கான ஆய்வேட்டிற்காகக் கணையத்தை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். சுற்றியிருந்த உயிரணுக்களிலிருந்து வேறுபட்ட சிறுசிறு கூட்டங்கள், கடலிடையே தீவுகள்போல் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. அவற்றின் தொழில் யாது என்பது அவருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிட்டு, கண்டதைக் கண்டவாறே பதிவுசெய்தார். அப்போது அவருக்கு வயது 21. 1888-இல், நாற்பதாம் வயதில், அத்தீவுகளின் தொழிலை அறியாமலே அவர் மறைந்தார். 1893-இல் பிரான்சு நாட்டு அறிஞர் லாகெஸ் அவற்றிற்கு 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்று பெயர் சூட்டினார்.

இதற்கிடையில், 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மிங்கோவ்ஸ்கி, ஃபான் மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தனர். நாய்க்குக் கடுமையான நீரிழிவு கண்டது. ஆகவே நீரிழிவைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் கணையத்தில் உண்டு என்பது தெளிவாயிற்று. அப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றவர் பலர். முழு வெற்றி கண்டவர் எவருமிலர். நோய் கண்ட குழந்தைகள் பட்டினிக்கு ஒப்பான உணவில் சில காலம் உயிரைப் பிடித்திருந்து பின் மாண்டுபோயினர்.

இந்நிலையில்தான் இரண்டாம் மாணவர் வருகிறார். 1921-ஆம் ஆண்டு மே மாதம், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், ஃபிரெடரிக் பாண்டிங் என்ற இளம் அறுவை மருத்துவர் தாம் கொண்ட ஒரு கருத்தைச் சோதித்துப் பார்க்க இடம் வேண்டி நின்றார். உடலியல் பேராசிரியர் மக்லௌட் ஓர் ஆய்வறையும் சில நாய்களும் தந்ததோடு, துணைக்கு ஒரு மாணவரையும் அளிக்க முன்வந்தார். சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள் ஆகிய இருவரும் கோடையைப் பங்கிட்டுக்கொள்வது என்றும், முதலில் போகிறவர் யார் என்பதற்கு நாணயம் சுண்டிப் பார்த்தனர் என்றும் சொல்லப்படுகிறது. முதல் முறை பெஸ்டுக்கு வந்தது. அவர் கைப்பழக்கம் பெற்றுவிட்டபடியால் அவரே தொடர்ந்தார், நோபிள் ஒதுங்கிக்கொண்டார்.

பெஸ்டுக்கு அப்போது வயது 22. பட்டப்படிப்பை அப்பொழுதுதான் முடித்திருந்தார். அவருடைய அத்தை ஒருவர் நீரிழிவினால் இறந்திருந்தார். நாய்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று நாள்தோறும் அளந்து குறிப்பது அவருடைய முதன்மையான பணி. தொடக்கத்தில் சம்பளம் எதுவும் இல்லை. வெக்கை மிகுந்த அறையில், அறுவைக்குப் பின் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இறந்தன. ஆயினும் அவ்வேலை நிற்கவில்லை. ஜூலை 30 அன்று, கணையம் அகற்றப்பட்ட ஒரு நாய்க்குத் தாங்கள் எடுத்த சாற்றை இருவரும் செலுத்தினர். 100 கன சென்டிமீட்டர் இரத்தத்தில் 200 மில்லிகிராம் இருந்த சர்க்கரை, ஒரு மணி நேரத்தில் 120 ஆகக் குறைந்தது. அந்த எண்ணை அளந்து கண்டது மாணவரின் கை.

ஆனால் மாணவர் ஒருவரே எல்லாம் செய்துவிட்டார் என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். மக்லௌட் குறைகளைச் சுட்டிக்காட்டி, சோதனைகளைத் திருப்பிச் செய்யவைத்தார். 1922 ஜனவரி 11-ஆம் நாள் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்திய முதல் சாறு போதிய பயன் தரவில்லை. ஊசி போட்ட இடத்தில் கட்டியும் கண்டது. காலிப் என்ற உயிர்வேதியியல் அறிஞர் தூய்மை செய்து தந்த சாறே, ஜனவரி 23-ஆம் நாள் முதல் அச்சிறுவனைத் தேற்றியது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923-இல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லௌடுக்கும் கிடைத்தது. மாணவர் பெயர் அதில் இல்லை. பாண்டிங் தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கும், மக்லௌட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் அளித்தனர். பெஸ்ட் பின்னர் மருத்துவப் பட்டம் பெற்று, 1929-இல், 30-ஆம் வயதில், மக்லௌட் வகித்த அதே பேராசிரியர் பதவியில் அமர்ந்தார்.

பேராசிரியரான பெஸ்ட் அடுத்துக் கையிலெடுத்த பொருள்களுள் ஒன்று ஹெப்பாரின். அதுவும் ஒரு மாணவர் கண்டதே என்பது வியப்பு. 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவரிடம், இரத்தத்தை உறையவைக்கும் பொருளை ஆராயும்படி பேராசிரியர் ஹவெல் பணித்தார். மாணவரோ, ஈரலிலிருந்து எடுத்த சாறு இரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதைக் கண்டார். பேராசிரியர் எளிதில் நம்பவில்லை என்றும், பூனையின் இரத்தத்தில் சாற்றைக் கலந்து அவர் மேசைமீதே வைத்து, உறையும்போது சொல்லும்படி கேட்டுக்கொண்டதாகவும் மக்லீன் பிற்காலத்தில் எழுதினார். அது உறையவே இல்லை. டொராண்டோவில் தூய்மை செய்யப்பட்டபின் 1930-களில் அப்பொருள் நோயாளிகளுக்குப் பயன்படலாயிற்று. இதய அறுவையிலும், சிறுநீரகம் பழுதுற்றோரின் இரத்தத்தைச் சுத்திகரிப்பதிலும் இன்றும் அது கைகொடுக்கிறது. கண்டவர் யார் என்ற வழக்கு மட்டும் நெடுநாள் தீரவில்லை.

இம்மூன்று வரலாறுகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. மாணவரிடம் விடை தெரிந்த கணக்கைத் தராமல், விடை தெரியாத வினாவை ஒப்படைத்தனர் ஆசிரியர்கள். கருவியைக் கையில் கொடுத்தனர். தவறு செய்ய அவகாசமும் கொடுத்தனர். எதிர்பார்த்ததற்கு மாறாக வந்ததையும் மறைக்காமல் எழுதும் நேர்மை மாணவரிடம் இருந்தது. இத்தகைய பயிற்சியைப் புத்தகம் மட்டும் தந்துவிட இயலாது.

நம் நாட்டிலும் இதற்கு வழி வகுக்கப்பட்டது. புதுதில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இளநிலை மருத்துவ மாணவர்கள் இரண்டு மாதம் ஓர் ஆசிரியரின் கீழ் தாமே ஆராய்ச்சி செய்வதற்கான உதவித்தொகைத் திட்டத்தை 1979-இல் தொடங்கிற்று. பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் நகரங்களிலுள்ள அறிவியல் அகாதெமிகள் மூன்றும் இணைந்து, பிற அறிவியல் மாணவர்களுக்கும் கோடைக்கால ஆராய்ச்சி வாய்ப்புகளை அளித்து வந்துள்ளன.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குக் கோடை விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றுதான் பொருள். மாதங்களுக்கு முன்பே இரயிலில் இடம் பதிவுசெய்கிறோம். தாத்தாவும் பாட்டியும் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கிறார்கள். அந்நேரத்தில் மகளோ மகனோ, "இவ்வாண்டு நான் ஆராய்ச்சிக்கூடத்தில் தங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னால் நம் மனம் வருந்துவது இயல்பே. அதனால் மதிப்பெண் கூடுமா என்று கேட்கவும் தோன்றும். மதிப்பெண் கூடாமல் போகலாம். கண்டுபிடிப்பு எதுவும் நிகழாமலும் போகலாம். லாங்கர்ஹான்ஸ் கண்ட தீவுகளின் பொருள் உலகுக்கு விளங்கப் பல்லாண்டுகள் சென்றன. ஆயினும் அவர் அன்று நுண்ணோக்கியில் குனிந்து பார்த்திராவிடில், பெஸ்ட் அளப்பதற்கு வழி பிறந்திராது. ஊர்ப் பயணத்தை ஓராண்டு தள்ளிவைக்கலாமா என்று ஐயுறும்போது, பாட்டியின் மருந்துப் புட்டியை ஒருகணம் நாம் நினைத்துக்கொள்வோமாக.