காகிதத்தில் வளர்ந்த தொழில்

1957இல் ஆம்ஸ்டர்டாமில் தன் திருமணத்தைப் பதியப்போன எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, தொழில் என்ன என்று கேட்ட இடத்தில் ‘புரோகிராமர்’ என்று குறிப்பிட்டார். நகராட்சி ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி ஒரு தொழிலே கிடையாது என்றார்கள். கடைசியில் மாப்பிள்ளை ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்றுதான் பதிவேட்டில் ஏறினார். அதற்குள் அவர் ஐந்து ஆண்டுகள் புரோகிராம் எழுதியே சம்பளம் வாங்கியிருந்தார்.

1930இல் ரோட்டர்டாமில் பிறந்தவர் டைக்ஸ்ட்ரா. தந்தை வேதியியல் ஆசிரியர், தாய் கணிதம் படித்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகனை 1951இல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிவைத்தவர் தந்தைதான். அங்கே மாரிஸ் வில்க்ஸ், எட்சாக் என்ற கணினியை வைத்து மூன்று வாரம் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தார். மறு ஆண்டு மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் டைக்ஸ்ட்ராவுக்கு வேலை கிடைத்தது. ஆனாலும் மனம் இயற்பியலிலேயே கிடந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர் துறைத் தலைவர் வான் வெய்ங்கார்டனின் அறைக்குப் போய், இந்த வேலைக்குப் பின்னால் அறிவுத்துறை என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இதுவரை இல்லை என்பதை அவர் மறுக்கவில்லை. கணினி இனி நம்மை விட்டுப் போகப்போவதில்லை, அந்தத் துறையை உருவாக்குபவர்களில் நீயும் ஒருவனாக ஏன் இருக்கக்கூடாது என்று திருப்பிக் கேட்டார். அறையை விட்டு வெளியே வந்தபோது டைக்ஸ்ட்ராவின் வாழ்க்கை முடிவாகியிருந்தது.

அன்றைய வேலை நடந்த விதத்தைப் பார்த்தால்தான் அவருடைய பிற்காலக் கருத்துகள் புரியும். லோப்ஸ்ட்ரா, ஸ்கோல்டன் என்ற இரு பொறியாளர்கள் கணினியைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அது என்னென்ன செய்யும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த விவரக் குறிப்பு ஒன்றுதான் இரு தரப்புக்கும் ஒப்பந்தம். அதைப் பார்த்து, இன்னும் பிறக்காத இயந்திரத்துக்கு டைக்ஸ்ட்ரா புரோகிராம் எழுதுவார். ஓட்டிப் பார்த்துத் திருத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதியது சரிதான் என்பதற்குத் தன் தர்க்கம் ஒன்றே சாட்சி. இன்று ஒரு வரி எழுதி ஒரு பொத்தானை அழுத்தும் நமக்கு இது பெரும் குறையாகத் தோன்றும். அவருக்கோ அதுதான் பயிற்சிக்கூடம்.

1956இல் அர்மாக் என்ற கணினியின் திறப்பு விழாவுக்கு ஒரு செய்முறைக் காட்சி தேவைப்பட்டது. கணிதம் தெரியாதவர்களுக்கும் கேள்வி புரிய வேண்டும், விடையும் புரிய வேண்டும். நெதர்லாந்தின் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய சாலைவழி எது என்ற கேள்வியை அவர் தேர்ந்தெடுத்தார். வருங்கால மனைவி ரியாவுடன் கடைவீதி சுற்றிவிட்டு, களைப்பாற ஒரு காபிக் கடையின் வெளித்திண்ணையில் உட்கார்ந்தபோது விடை பிடிபட்டது. ஏறக்குறைய இருபது நிமிடம். கையில் காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. புறப்படும் ஊரிலிருந்து தொடங்கி, இதுவரை எட்டியவற்றுள் மிக அருகில் இருக்கும் ஊரின் தூரத்தை இறுதியாக்கிவிட்டு, அதன் அண்டை ஊர்களின் தூரத்தைத் திருத்திக்கொண்டே போவது, அவ்வளவுதான் முறை. அர்மாக்கில் 64 ஊர்களை வைத்துக் காட்டினார். எழுதுபொருள் இல்லாததால் தேவையற்ற சிக்கல்கள் எல்லாம் தாமாகவே ஒதுங்கிவிட்டன என்பது பின்னாளில் அவர் தந்த விளக்கம். 1959இல் அது மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. இணையத்தில் தகவல்களுக்கு வழி தேடித்தரும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை இன்றும் அந்த முறையில்தான் ஓடுகிறது.

புதிய சாதனங்களைப் பற்றிய அவருடைய எச்சரிக்கையும் இதே காலத்தில் பிறந்தது. எக்ஸ்-1 கணினியில் ‘இன்டரப்ட்’ என்ற வசதியைச் சேர்க்கப் பொறியாளர்கள் விரும்பினார்கள். தட்டச்சுக்கருவியோ வேறு சாதனமோ வேலை முடிந்ததும், கணினி செய்துகொண்டிருப்பதை நடுவில் நிறுத்திச் செய்தி சொல்லும். கணினி சும்மா காத்திருக்க வேண்டியதில்லை, லாபம் வெளிப்படை. டைக்ஸ்ட்ரா பயந்துபோனார். குறுக்கீடு எந்தக் கணத்தில் வரும் என்பது புரோகிராமின் கையில் இல்லை. ஆகவே ஒரே புரோகிராமை இருமுறை ஓட்டினால் இருமுறையும் ஒரே மாதிரி நடக்கும் என்று சொல்ல முடியாது. இன்று தலைகாட்டிய பிழை நாளைக்கு மறைந்துகொள்ளும். முடிவு சொல்லாமல் சில மாதம் தள்ளிப்போட்டார். பிறகு இறங்கிவந்து, அந்த வசதியைப் பிழையில்லாமல் கையாளும் புரோகிராமைத் தானே எழுதி, அதையே 1959இல் முனைவர் பட்ட ஆய்வேடாக்கினார். பல வேலைகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளும் ‘செமஃபோர்’ உத்தியும் 1960களில் இதே கவலையிலிருந்துதான் அவருக்குக் கிடைத்தது. புதுமையைக் கண்டு அஞ்சுவது பிற்போக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த அச்சம் காரணத்தோடு வந்த அச்சம். அதனால்தான் அதிலிருந்து இவ்வளவு நல்ல வேலை பிறந்தது.

1960 ஆகஸ்டில் அல்கால் என்ற புரோகிராமிங் மொழியை எக்ஸ்-1க்குப் புரியும்படி மாற்றித்தரும் மொழிபெயர்ப்பியை அவரும் யாப் சோனவெல்டும் முடித்தார்கள். முடியும்வரை சவரம் செய்வதில்லை என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். சோனவெல்ட் வேலை முடிந்ததும் மழித்துவிட்டார். டைக்ஸ்ட்ராவின் தாடி கடைசிவரை இருந்தது.

1964இல் ஐபிஎம் தன் 360 வரிசைக் கணினிகளை அறிவித்தது. உலகமே அதை வரவேற்றது. அதன் விவரங்களைப் படித்த வாரத்தைத் தன் தொழில் வாழ்க்கையின் மிக இருண்ட வாரம் என்றே டைக்ஸ்ட்ரா நினைவுகூர்ந்தார். 1972இல் டூரிங் விருதை ஏற்றுப் பேசியபோது அவர் வைத்த வாதம் இன்னும் கூர்மையானது. கணினியே இல்லாதபோது புரோகிராமிங் ஒரு பிரச்சினையே இல்லை. சில சிறிய கணினிகள் வந்தன. சிறிய பிரச்சினை வந்தது. பிரம்மாண்டமான கணினிகள் வந்ததும் பிரச்சினையும் பிரம்மாண்டமாகிவிட்டது. இயந்திரம் வேகமாக வேகமாக மனிதனின் ஆசையும் பெருகும், மூளையின் கொள்ளளவு மட்டும் பழையபடியே இருக்கும் என்பதே அதன் உட்பொருள்.

சொல்லோடு நில்லாமல் அப்படியே வாழ்ந்தவர் அவர். வீட்டில் தொலைக்காட்சி கிடையாது, கைபேசி கிடையாது. பியானோ வாசிப்பார், ஃபோக்ஸ்வாகன் வண்டி ஒன்றில் மனைவியோடு காடு மலை சுற்றுவார். பிற்காலத்தில் ஒரு மெக்கின்டோஷ் வாங்கினார்; மின்னஞ்சலுக்கும் இணையம் பார்ப்பதற்கும் மட்டும். எழுத்து வேலை முழுக்கப் பேனாவில். ஆய்வுக் குறிப்பு, பயண அனுபவம், கடுமையான விமர்சனம் எல்லாவற்றையும் மை பேனாவால் அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்தில் எழுதுவார். தாளின் தலையில் ஈடபிள்யூடி என்ற தன் முதலெழுத்துகள், ஒரு வரிசை எண், பிறகு பக்க எண். பக்கங்கள் சுழியத்திலிருந்து தொடங்கும். நகலெடுத்துச் சில நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் மேலும் நகலெடுத்துப் பரப்புவார்கள். இப்படி 1300க்கு மேல் எழுதியிருக்கிறார்.

1984 முதல் 1999 வரை ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். தேர்வு வாய்மொழியாக, ஒவ்வொரு மாணவரோடும் நேரில். முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரியின் எந்தக் கணினியிலும் ஓடாத ஒரு மொழியில் புரோகிராமிங் கற்றுத்தர வேண்டும் என்று 1988இல் எழுதினார். அப்போதுதான் ஓட்டிப் பார்க்கும் சபலம் வராது, சரியென்று நிறுவியே ஆக வேண்டிவரும்.

இந்த யோசனையைத் தொழில் உலகம் ஏற்கவில்லை. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுவிக்கொண்டிருக்க எந்த நிறுவனத்துக்கும் அவகாசம் இல்லை. சோதித்துப் பார்த்தே வேலை நடக்கிறது. அந்த அளவுக்கு டைக்ஸ்ட்ரா தோற்றார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் இயந்திரமே நொடியில் புரோகிராம் எழுதித்தரும் இந்த நாளில், எழுதிவந்தது சரியா என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் தேவைப்படுகிறார். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்று காட்ட முடியாது என்று அவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொன்னதை எந்தப் புதுக் கருவியும் இன்னும் பொய்யாக்கவில்லை.

2002 ஆகஸ்ட் 6 அன்று நூனென் ஊரில் அவர் காலமானார். அவருடைய கையெழுத்துத் தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கணினி படிக்கும் பிள்ளைகள் 831ஆம் எண்ணில் தொடங்கலாம். எண்ணிக்கையை ஏன் சுழியத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பதை விளக்கும் அது சில பக்கங்கள்தான். ஒரு பேருந்துப் பயணத்தில் படித்துவிடலாம்.