உள்ளான், மனுசன், காகிதம் - ஸ்னைப்பர் ஆக ஆசைப்படும் தம்பிகளுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ மோரோ பக்கத்துல வெச்சுகிட்டுப் படிங்க.

எங்க எடப்பாடிப் பக்கத்துப் பசங்க செல்போன்ல துப்பாக்கிச் சண்டை விளையாடி விளையாடி, இப்ப நெசமாவே ஒண்ணு வாங்கணும்னு கிளம்பிட்டாங்க. "அண்ணா, ஸ்னைப்பர் மாதிரி ஒரு கன் வாங்கலாம்னு இருக்கறனுங்க, ஆரம்பத்துக்கு எது நல்லது?" இது முதல் கேள்வி. நியாயமான கேள்வி. அதுக்கு அடுத்தாப்ல தயங்கித் தயங்கி இன்னொண்ணு வரும்: "அதுல கொக்கு, புறா எல்லாம் விழுமாங்கண்ணா?"

இந்த ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லணும். அதுக்கு ஒரு 250 வருசம் பின்னாடி போகணும். வாங்க.

முதல்ல உள்ளான்

ஸ்னைப்பர்ங்கற சொல் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? ஜெர்மனியும் இல்ல, ரஷ்யாவும் இல்ல. நம்ம நாட்டு நெல்லு வயல்ல இருந்து வந்துச்சு!

ஸ்னைப்னா ஒரு பறவை. தமிழ்ல உள்ளான். நீளமான நேர் அலகு, காஞ்ச புல்லு நிறத்துல கோடு கோடா முதுகு. வடக்கே இருந்து பனிக்காலத்துக்கு இங்க வந்து, வெயில் ஏறினதும் திரும்பிடும். விசிறிவால் உள்ளான், ஊசிவால் உள்ளான்னு ரெண்டு மூணு வகை இருக்கு. ஏரி ஓரச் சேறு, தண்ணி நிக்கற வயல், இதெல்லாம் அதோட இடம். அசையாம ஒக்காந்திருந்தா பத்தடிக்குப் பக்கத்துல போனாக்கூட கண்ணுக்குத் தெரியாது. கால்ல மிதிபடப் போற நேரத்துல படக்குனு கிளம்பி, இப்படியும் அப்படியுமா வளைஞ்சு வளைஞ்சு பறக்கும். அதைச் சுடறது ரொம்பச் சிரமம்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியை நெனச்சுப் பாருங்க. விசையை இழுத்தா சிக்கிமுக்கிக் கல்லு உரசி, பொறி பறந்து, கிண்ணத்து மருந்து பத்தி, அப்புறம்தான் குழலுக்குள்ள இருக்கற மருந்து வெடிக்கும். அந்தக் கண்ணிமைக்கற நேரத்துக்குள்ள உள்ளான் ரெண்டு தடவை திசை மாத்திடும். அதனால உள்ளான் சுடத் தெரிஞ்ச வெள்ளைக்கார அதிகாரிக்குத் தனி மரியாதை. 1770கள்ல இந்தியாவுல இருந்த கம்பெனிப் படை அதிகாரிங்க ஊருக்கு எழுதின கடிதங்கள்ல, உள்ளான் வேட்டைக்குப் போறதை 'ஸ்னைப்பிங்'னு எழுத ஆரம்பிச்சாங்க. 1820கள்ல 'ஸ்னைப்பர்'ங்கற சொல்லும் வந்திருச்சு.

1792ல திப்பு சுல்தானோட போட்ட உடன்படிக்கையில பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்குப் போச்சு. எங்களுக்குப் பக்கத்து மலையான சங்ககிரிக் கோட்டையிலதான் 1805ல தீரன் சின்னமலையைத் தூக்குல போட்டாங்க. எதிர்த்தவங்களை அடக்கி முடிச்சப்புறம் துரைமாருக்கு ஓய்வு நேரம் நெறைய. வேட்டை அவங்களோட பெரிய பொழுதுபோக்கு. 1879லேர்ந்து 1881க்குள்ள ஹியூம், மார்ஷல்னு ரெண்டு பேர் சேர்ந்து இந்தியாவோட வேட்டைப் பறவைகளைப் பத்தி மட்டுமே மூணு தொகுதி புத்தகம் போட்டாங்கன்னா பாத்துக்கங்க. அந்த ஹியூம்தான் 1885ல காங்கிரஸ் உருவாகக் காரணமா இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னாடி அவரே சுடறதையும் கறி திங்கறதையும் விட்டுட்டார்ங்கறது தனிக் கதை.

அப்புறம் மனுசன்

இந்தச் சொல் பறவையை விட்டு மனுசனுக்குத் தாவினதும் இந்த மண்ணுலதான். வடமேற்கு எல்லைப்புற மலைகள்ல பதான்கள் ஜெசைல்னு ஒரு நீளக்குழல் துப்பாக்கி வெச்சிருந்தாங்க. பாறைக்குப் பின்னால மறைஞ்சிருந்து, தூரத்துல முகாம் போட்டிருக்கற வெள்ளைக்காரச் சிப்பாயை ஒத்தை ஒத்தையாச் சுடுவாங்க. அதையும் சிப்பாய்ங்க ஸ்னைப்பிங்னு சொன்னாங்க. உள்ளானைச் சுட்டவனுக்கு இருந்த பேரு, கடைசியில அவனையே சுடறவனுக்குப் போச்சு.

அடுத்து தென்னாப்பிரிக்கா. போயர் போருக்காக 1900ல லவாட் பிரபு ஸ்காட்லாந்து வேட்டைக்காடுகள்ல வேலை பாத்த ஆளுங்களைச் சேத்து ஒரு படை அமைச்சார். கந்தலும் இலைதழையும் தொங்கவிட்ட மறைவு உடை அவங்க கொண்டு வந்தது. அதுக்குப் பேரு கில்லி சூட். விஜய் படம் இல்லைங்க, ஸ்காட்லாந்து மொழியில கில்லின்னா வேட்டைக்கு உதவியாப் போற பையன். :-)

முதல் உலகப்போர்ல ஹெஸ்கெத் பிரிச்சர்ட்னு ஒருத்தர், 1916ல பிரான்ஸ்ல குறிசுடும் பள்ளியே ஆரம்பிச்சார். அவரு எழுதி வெச்சதுல எனக்கு முக்கியமாப் பட்டது ஒண்ணு. தொலைநோக்கி மாட்டின அருமையான ரைபிளுங்க படைக்கு வந்துச்சு. ஆனா சோதிச்சுப் பாத்தா பெரும்பாலானது பாக்கற எடத்துல சுடல. தொலைநோக்கி ஒரு பக்கம் பாக்குது, குழல் வேற பக்கம் பாக்குது. பொருள் நல்ல பொருள்தான், அதைச் சரிசெஞ்சு வைக்க சிப்பாய்க்கு யாரும் சொல்லித் தரல.

இன்னொரு ஆளு, பின்லாந்துக்காரர் சிமோ ஹாய்ஹா. 1939-40 குளிர்காலப் போர்ல 500க்கு மேல எதிரிகளைச் சுட்டதாக் கணக்கு. அவரு தொலைநோக்கியே வெச்சுக்கல, சாதா இரும்புக் குறிமுள்ளுதான். தொலைநோக்கின்னா தலையைக் கொஞ்சம் மேல தூக்கணும், கண்ணாடி மின்னும், எதிரி பாத்துடுவான்னு அவருக்குத் தெரியும்.

காத்துத் துப்பாக்கி

மருந்து இல்லாம காத்தாலயே சுடறது பொம்மை வேலைன்னு நெனைக்காதீங்க. 1780 வாக்குல ஆஸ்திரியப் படை கிரன்டோனி காத்து ரைபிளைப் போருக்கே எடுத்துச்சு. ஒரு தடவை காத்தடிச்சு வெச்சா சுமார் 20 குண்டு வரிசையாப் போகும். என்ன, அதோட கலனை நிரப்ப ஆயிரத்துக்கும் மேல பம்ப் அடிக்கணும். நம்ம சைக்கிளுக்குக் காத்தடிக்கவே மூச்சு வாங்குது! 1804ல அமெரிக்காவைக் குறுக்கால கடக்கக் கிளம்பின லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காத்து ரைபிள் கொண்டு போச்சு.

நம்ம ஊருக்குக் காத்துத் துப்பாக்கி முக்கியமானதுக்குக் காரணம் சட்டம். 1878ல லிட்டன் பிரபு கொண்டு வந்த ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாம இந்தியர் துப்பாக்கி வெச்சிருந்தா குற்றம்னு ஆக்குச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் 1959ல புதுச் சட்டம் வந்தாலும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணும்தான். சாமானியன் கைக்கு மிச்சமானது சக்தி கம்மியான ஏர்கன் மட்டும். அதனாலதான் நம்மள்ல நெறையப் பேரு முதல்முதலாத் துப்பாக்கி தொட்டது மாரியம்மன் பண்டிகையில பலூன் கடையில.

அந்தப் பலூன் கடைத் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு, கவனிச்சிருக்கீங்களா? நேராப் பாத்துச் சுட்டா பலூன் வெடிக்காது. வெவரமான ஆளு முதல் ரெண்டு குண்டை வீணாக்கி, எங்க போகுதுன்னு பாத்துட்டு, மூணாவதை ரெண்டு விரக்கடை தள்ளிப் புடிச்சுச் சுடுவாரு. பிரிச்சர்ட் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த பாடத்துல பாதி இதுதானுங்க.

கடைசியா காகிதம்

இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951ல தொடங்குச்சு. பின்னாடி மக்களவைத் தலைவரான மாவ்லங்கர்தான் முதல் தலைவர். 10 மீட்டர் ஏர் ரைபிள் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல சேந்துச்சு. 10 மீட்டர்தானேன்னு சிரிக்காதீங்க. நடுவுல இருக்கற பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். பேனாவால வெச்ச புள்ளி அளவு. தொலைநோக்கிக்கு அனுமதி இல்ல.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். அபினவ் பிந்த்ரா 596 புள்ளியோட நாலாவதா இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கார். சோதனைக் குண்டு போட்டா, பத்துல விழ வேண்டியது நாலுல விழுது! குறிக்கருவி எப்படியோ எடம் மாறி இருந்துச்சுன்னு பின்னாடி தன் புத்தகத்துல எழுதினார். யோசிச்சுப் பாருங்க, நாம இருந்தா அழுதிருப்போம். அவரு மிச்சமிருந்த சோதனைக் குண்டுகள்லயே திருகைத் திருகித் திருகிச் சரிசெஞ்சுட்டார். கடைசிக் குண்டு 10.8. மொத்தம் 700.5. தனிநபர் போட்டியில இந்தியாவோட முதல் ஒலிம்பிக் தங்கம். அவரு சுட்டது ஒரு காகிதத்தை. கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் 2019ல உலகக் கோப்பைத் தங்கம் வாங்கினதும் காகிதத்தைச் சுட்டுத்தான்.

உள்ளான்ல ஆரம்பிச்சு, மனுசனுக்குப் போயி, காகிதத்துக்கு வந்து நிக்குது இந்தக் கலை. தம்பி, நீ கடைசிப் படியில ஏறிக்கோ. 250 வருசம் பின்னாடி போயி உள்ளான்ல ஆரம்பிக்காதே.

சரி, என்ன வாங்கறது?

ஏர்சாஃப்ட்னு ஒண்ணு இருக்கு. போருக்கு அப்புறம் துப்பாக்கிக்குக் கடும் தடை இருந்த ஜப்பான்ல 1970கள்ல பொறந்த விளையாட்டு. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. குழல்ல இருக்கற ரப்பர் துண்டு குண்டைப் பின்பக்கமாச் சுழல வெச்சு நேராப் பறக்க விடும். 0.2 கிராம் குண்டு விநாடிக்கு 100 மீட்டர் வேகத்துல போனா ஆற்றல் 1 ஜூல். ஜப்பான்ல சட்ட வரம்பே அதுக்குக் கொஞ்சம் கீழதான். நம்மூர்ல அதுக்கான களமும் ஆளும் குறைவு. பாக்க நெசத் துப்பாக்கி மாதிரியே இருக்கறதால தோள்ல மாட்டிகிட்டு ரோட்டுல நடந்தா போலீஸ் விளையாட்டுன்னு எடுத்துக்காது.

ஏர் ரைபிள் வேற. போட்டி ரைபிளே சுமார் 7 ஜூல் வரும். ஏர்சாஃப்டை விட ஏழு மடங்கு. 2016 ஆயுத விதிகள்படி 20 ஜூலுக்கு மேலயோ, 4.5 மில்லிமீட்டருக்கு (0.177 அங்குலம்) மேற்பட்ட குழலோ இருந்தா லைசென்ஸ் வேணும். ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது:

1. குழலை மடக்கிற ஸ்பிரிங் ரைபிள், 4.5 மில்லிமீட்டர். சக்தி குறைஞ்சதா வாங்குங்க. சக்தி கூடக் கூட உதறலும் கூடும்.

2. முதல் ஆறு மாசம் இரும்புக் குறிமுள்ளு போதும். தொலைநோக்கி வாங்கினா ஏர்கன்னுக்குன்னே செஞ்சது வாங்குங்க. ஸ்பிரிங் ரைபிள் பின்னாலயும் முன்னாலயும் ரெண்டு பக்கமும் உதறும், சாதாத் தொலைநோக்கி அதுல ஒடைஞ்சுடும். 10 மீட்டர்ல படமும் மங்கும்.

3. குண்டு ரெண்டு மூணு வகை வாங்கிச் சோதிங்க. ஒரு குழலுக்கு ஒரு குண்டுதான் பிடிக்கும். பிடிச்சதை மாத்தாதீங்க.

4. குண்டை நிறுத்தற பெட்டி. எங்கூர்ல எந்தத் தறிக்குடோன்லயும் வேஸ்ட் நூலும் துணித்துண்டும் கிடைக்கும். தடியான அட்டைப்பெட்டியில அமுக்கித் திணிச்சு, பின்னால கனமான பலகை வெச்சு, மண்சுவர் முன்னால வைங்க. கல்லு, பாட்டில், தண்ணி மேல சுடக்கூடாது, தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

சரிசெய்யற முறை: 10 மீட்டர் அளந்து ஒக்காந்து, ரைபிளை மணல் மூட்டை மேல கையை வெச்சு அந்தக் கை மேல லேசா வைங்க. இறுக்கிப் புடிச்சா குண்டு சிதறும். ஒரே புள்ளியைப் பாத்து அஞ்சு குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் திருகைத் தொடாதீங்க, அஞ்சும் சேந்து எங்க விழுந்திருக்குன்னு பாருங்க. வலது பக்கம் போகணும்னா பின் குறிமுள்ளை வலது பக்கம் நகத்துங்க, மேல போகணும்னா மேல. திரும்ப அஞ்சு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு விநாடிக்குள்ள சுடுங்க, முடியலன்னா எறக்கிடுங்க. குண்டு போடறப்ப மடக்கின குழலை ஒரு கை புடிச்சே இருக்கணும், இல்லேன்னா விரல் போயிடும். ஈயக் குண்டு, அதனால சோறு திங்கறதுக்கு முன்னாடி கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க.

பறவை விழுமான்னு கேட்ட தம்பிக்கு: விழும். அதுதான் பிரச்சனை. 10 மீட்டர்ல காகிதத்தைத் துளைக்கற குண்டு புறாவையும் துளைக்கும், பாதி நேரம் சாகடிக்காம ரெக்கையை மட்டும் ஒடைக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளை வேட்டையாடினா ஜெயில் உண்டு. சட்டத்தை விடுங்க. வடக்கே எங்கிருந்தோ பறந்து சரபங்கா ஆத்தோரச் சேத்துக்குப் புழு தேடி வர்ற உள்ளான் நம்ம விருந்தாளி. உலகத்துக்கே ஒரு சொல்லைக் குடுத்த பறவை. அதைப் பாக்கணும்னா ஒரு பைனாகுலர் வாங்குங்க. ஏர் ரைபிளை விட வெலை கம்மி, மறைஞ்சு ஒக்காந்து காத்திருக்கற அதே வேலைதான்.

டிஸ்கி: 18 வயசு ஆகாத தம்பிங்க வீட்டுப் பெரியவங்க இல்லாம தொடாதீங்க. மாவட்ட ரைபிள் கிளப்ல விசாரிச்சுச் சேந்தீங்கன்னா ஒழுங்காச் சொல்லித் தருவாங்க. உங்க பக்கம் உள்ளானுக்கு வேற பேரு இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.